பேரளவு அச்சு ஆர்டர்களும் சிறு அச்சகங்களும்

(சிறு அச்சகத் தொழில்முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)

முகூர்த்தம் முடிந்த பின் வந்து சேரும் கல்யாணப் பத்திரிகைக்கு விலை கிடையாது. அதன் தாளும் மையும் எவ்வளவு உயர்ந்தனவாயினும் பழைய தாள் வியாபாரி எடை போட்டுத் தரும் தொகையே அதன் மதிப்பு. அச்சுத் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியுள்ளது எனலாம். பிப்ரவரியில் வரும் நாள்காட்டி, பள்ளி திறந்து இரண்டு மாதம் கழித்து வரும் பாடநூல், வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் வரும் வாக்குச்சீட்டு ஆகிய யாவும் அப்படியே. மீன் அழுகும், காய்கறி வாடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அச்சிட்ட தாளும் அழியும் பண்டமே என்பது அச்சகத்தாருக்கு மட்டுமே தெரிந்த உண்மை.

இத்துடன் இன்னொரு தன்மையும் சேர்கிறது. துணி ஆலை கிராக்கி குறைந்த காலத்தில் துணியை நெய்து கிடங்கில் சேர்த்து வைத்து, தீபாவளிக்கு விற்கலாம். அச்சகத்தார் அவ்வாறு செய்ய இயலாது. பிறர் தரும் கருத்தை, பிறர் பெயரில், பிறர் கேட்ட எண்ணிக்கையில்தான் அவர் அச்சிட முடியும். ஆர்டர் வரும்வரை இயந்திரம் சும்மா நிற்கும். வந்த பின்னரோ இரவும் பகலும் ஓடியாக வேண்டும். எனவே ஆர்டரின் அளவு பெருகப் பெருக அச்சகத்தின் வருமானம் மட்டுமின்றி அதன் ஆபத்தும் பெருகுகிறது. ஒரு பேரளவு ஆர்டரால் நிமிர்ந்த அச்சகங்கள் உண்டு. ஒரு பேரளவு ஆர்டரால் மூடப்பட்ட அச்சகங்களும் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை. ஆர்டரை ஏற்பதற்கு முன் போடப்படும் கணக்கில்தான் இருக்கிறது.

அக்கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்பது நல்லது. டெமி எட்டில் ஒன்று அளவில் 160 பக்கம் கொண்ட பாடநூல் ஒன்றை 10 இலட்சம் படிகள் அச்சிட வேண்டும் என்று கொள்வோம். டபுள் டெமி தாள் ஒன்றில் இரு பக்கமும் அச்சிட்டால் 32 பக்கம் கிடைக்கும். அதாவது 16 பக்கப் பாரம் இரண்டு. ஆகவே ஒரு நூலுக்கு 5 தாள். பத்து இலட்சம் நூலுக்கு 50 இலட்சம் தாள், அதாவது 10,000 ரீம். சதுர மீட்டருக்கு 60 கிராம் எடையுள்ள மேப்லித்தோ எனில் ஒரு ரீம் ஏறத்தாழ 16 கிலோ இருக்கும். மொத்தம் 160 டன். இயந்திரத்தைச் சரிப்படுத்தும்போதும், மடிக்கும்போதும், வெட்டும்போதும் வீணாகும் தாளுக்கு நூற்றுக்கு மூன்று சேர்த்தால் 165 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 16 லாரிக்கு மேல். சிறு அச்சகமொன்றின் வாசலில் இத்தனை லாரிகள் ஒரே வாரத்தில் வந்து நின்றால் தாளை எங்கே இறக்குவது என்ற கேள்வியே முதல் கேள்வியாகிவிடும். மழைக்காலமாயின் நிலைமை இன்னும் மோசம். ஈரத்தை உறிஞ்சிய தாள் விரிந்து கொடுக்கும். நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகும்.

அடுத்தது இயந்திர நேரம். நான்கு நிற ஷீட் ஆப்செட் இயந்திரத்தின் விளம்பரத் தாளில் மணிக்கு 12,000 அல்லது 15,000 என்று குறித்திருப்பார்கள். பிளேட் மாற்றுதல், பிளாங்கெட் கழுவுதல், மின்தடை, தாள் சிக்குதல் எல்லாவற்றையும் கழித்தால் நாள் முழுவதும் சராசரியாக மணிக்கு 8,000 ஓடினாலே நல்ல அச்சகம்தான். ஐம்பது இலட்சம் தாளின் இரு பக்கத்திற்கும் சேர்த்து ஒரு கோடிப் பதிவுகள் வேண்டும். அதற்கு 1,250 மணி நேரம். ஒரு நாளில் 20 மணி நேரம் ஓட்டினாலும் 62 நாட்களுக்கு மேல் ஆகும். வெப் ஆப்செட் இயந்திரமாயின், 16 பக்கப் பாரங்களை மணிக்கு 25,000 வீதம் எடுத்து, அதே ஒரு கோடிப் பாரங்களை 400 மணி நேரத்தில், அதாவது 20 நாட்களில் முடித்துவிடலாம்.

இவ்விடத்தில்தான் பல அச்சகத்தார் தவறிவிடுகின்றனர். அச்சு வேகம் தெரிந்தவுடன் வேலை முடியும் தேதியை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அச்சிட்ட தாள் நூலாகிவிடுவதில்லை. மேற்சொன்ன 50 இலட்சம் ஷீட்டுகளையும் மணிக்கு 6,000 வீதம் மடிக்கும் ஒரே இயந்திரத்தில் கொடுத்தால் 833 மணி நேரம் ஆகும். பின்னர் பாரங்களை வரிசைப்படுத்திச் சேர்க்க வேண்டும். அட்டை ஒட்ட வேண்டும். மணிக்கு 3,000 நூல் கட்டும் இயந்திரத்திற்கு 333 மணி நேரம் வேண்டும். மூன்று புறமும் வெட்ட வேண்டும், எண்ணிக் கட்ட வேண்டும். அச்சுப் பிரிவு முந்திக்கொண்டு ஓட, பைண்டிங் பிரிவின் முன் மடிக்காத தாள் மலையாகக் குவியும். நடைபாதையும் அடைபடும். ஐந்தாவது பாரம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே இரண்டு ஆட்கள் தேவைப்படும். கடன் வாங்கிப் புதிய அச்சு இயந்திரம் நிறுவிய பின்னும் உற்பத்தி உயரவில்லையே என்று வியக்கும் அச்சகத்தார், முதலில் தமது மடிப்பு மேசையைப் போய்ப் பார்ப்பது நலம். ஓர் அச்சகத்தின் கொள்ளளவு அதன் மிக மந்தமான பிரிவின் கொள்ளளவே ஆகும்.

எனவே ஆர்டர் புத்தகத்துடன் ‘நேரப் புத்தகம்’ ஒன்றும் ஒவ்வோர் அச்சகத்திலும் இருக்க வேண்டும். அச்சு, மடிப்பு, கட்டு, வெட்டு என்று பிரிவு வாரியாக அடுத்த மூன்று மாதங்களில் எத்தனை மணி நேரம் ஏற்கெனவே வாக்களிக்கப்பட்டுவிட்டது, எத்தனை மிச்சம் என்பதை அதில் எழுதி வைத்தால் போதும். கணிப்பொறி இருந்தால் நல்லது; இல்லையேல் நீளக் கணக்கேடு ஒன்றும் ஒரு பென்சிலும் அதே பயனைத் தரும். புதிய ஆர்டருக்குத் தேதி சொல்லுமுன் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம்தான் முக்கியம். ‘நாளைக்குக் கிடைத்துவிடும்’ என்று அச்சகத்தார் சொல்வதைப் பற்றி வாடிக்கையாளரிடையே வழங்கும் வேடிக்கைகள் ஏராளம். அவற்றில் பாதி, இந்த ஏடு இல்லாத குறையால் தோன்றியவை.

எண்ணிக்கை பெரிதாயிருப்பது மட்டுமே கடினம் என்று கருதுவதும் சரியன்று. நம் நாட்டின் தேர்தல் வரலாறே இதற்குச் சான்று. 1951-52ஆம் ஆண்டின் முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் 17.3 கோடிப் பேர். அன்று ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவரவர் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் தமது சீட்டை விரும்பிய பெட்டியில் போட்டார். ஆகவே வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரோ சின்னமோ இடம்பெற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தொகுதிக்குத் தொகுதி வேறுபடாத சீட்டு என்பதால், நாசிக் நகரில் 1925இல் தொடங்கப்பட்ட இந்தியப் பாதுகாப்பு அச்சகத்தில் அதனை முன்கூட்டியே பெருமளவில் அச்சிட்டு நாடெங்கும் அனுப்ப முடிந்தது. 1957இலும் பெட்டி முறையே நீடித்தது.

1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் சீட்டிலேயே பெயரும் சின்னமும் அச்சிட்டு, வாக்காளர் முத்திரை குத்தும் முறை வந்தது. வாக்காளருக்கும் எண்ணுவோருக்கும் இது பெரும் முன்னேற்றம். அச்சகத்தாருக்கோ முற்றிலும் புதியதொரு வேலை. வேட்பு மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்து இறுதிப் பட்டியல் வரும்வரை ஒரு சீட்டைக்கூட அச்சிட முடியாது. அதன் பின் வாக்குப்பதிவுக்கு இடையே உள்ள சில நாட்களுக்குள் தொகுதிதோறும் வேறு சீட்டு, வட்டாரத்திற்கேற்ற மொழி, வரிசை எண், எண்ணிக்கைச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்தாக வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின் அந்தக் குறைந்தபட்ச இடைவெளி 14 நாளாகச் சுருங்கியது. அதே 1996இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். ஆந்திரப் பிரதேசத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர். மொடக்குறிச்சியில் ஒற்றைத் தாளாக இருக்க வேண்டிய வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே ஆயிற்று. வாக்குப்பதிவும் ஒத்திவைக்கப்பட்டது. அதன் பின்னரே மக்களவை வேட்பாளரின் காப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் முதல் நாடு முழுவதும் மின்னணு இயந்திரங்கள் வந்ததால் சீட்டின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் இயந்திரத்தின் முகப்பில் பொருத்தும் சீட்டும், தபால் வாக்குச்சீட்டும் இன்றும் அதே அவசரத்தில்தான் அச்சாகின்றன.

பதினேழு கோடிப் பேருக்கான ஒரேவிதச் சீட்டு கடினமாக இல்லை. ஒரே தொகுதிக்கான ஆயிரம் பெயர்ச் சீட்டு மிகக் கடினமாயிற்று. அளவு, வகை, கெடு ஆகிய மூன்றில் எது இறுக்குகிறது என்று பிரித்தறிவதே ஆர்டரை நிர்வகிப்பதன் தொடக்கம்.

இதனை ஏட்டில் படிக்காமலே கைவழக்காக்கிக் கொண்ட ஊர் சிவகாசி. 1920களில் தீப்பெட்டித் தொழில் அங்கே வேரூன்றியது, பின்னர்ப் பட்டாசு. இரண்டுக்கும் வண்ண லேபிள்கள் இலட்சக்கணக்கில் தேவைப்பட்டன. வெளியூரிலிருந்து லேபிள் வரவழைப்பதைவிட உள்ளூரிலேயே அச்சிடுவது மேல் என்ற எண்ணத்தில் லித்தோ அச்சகங்கள் தோன்றின. நாளடைவில் அவை ஆப்செட்டுக்கு மாறின. வறண்ட வானிலை தீக்குச்சிக்கும் உதவியது, தாளுக்கும் உதவியது. லேபிளுக்காக வந்த தொழில் நாள்காட்டி, நாட்குறிப்பேடு, நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை, அட்டைப்பெட்டி என்று கிளைத்தது.

நாள்காட்டி வேலையை அங்கே நடத்தும் முறையைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் வெளியாகின்றன. முகவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்கின்றனர். மளிகைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, கூட்டுறவு சங்கம் என்று ஒவ்வொருவரும் ஐந்நூறு, ஆயிரம் என்று கேட்கின்றனர். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சிறு ஆர்டர்கள்; கூட்டினால் பேரளவு. ஒவ்வொன்றையும் தனியே அச்சிட்டால் எந்த அச்சகமும் கட்டுப்படியாகாது. ஆகவே தெய்வப் படமும் இயற்கைக் காட்சியும் கொண்ட அட்டை, தேதித் தாள் ஆகிய பொதுவான பகுதிகளை முன்கூட்டியே பல இலட்சக் கணக்கில் அச்சிட்டு வைத்துக்கொள்கிறார்கள். கடையின் பெயர், முகவரி ஆகியவை மட்டும் அட்டையில் விட்டுவைத்த இடத்தில் ஆர்டர் வந்த பின் அச்சாகின்றன. அதாவது, வேறுபாடு எவ்வளவு தாமதமாகப் புக முடியுமோ அவ்வளவு தாமதமாகப் புகுகிறது. மேலாண்மை நூல்கள் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்துள்ளன. பெயர் தெரியாமலே இந்த ஊர் அதைச் செய்து வருகிறது. வேறு அச்சகத்தாரும் தம் வேலையில் பொதுப்பகுதி எது, மாறும் பகுதி எது என்று பிரித்துப் பார்த்தால் டிசம்பர் நெரிசலில் பாதியை ஆகஸ்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் அங்கே காணத்தக்கது. ஒரு தொழில் ஓரிடத்தில் குவியும்போது தனிப்பட்ட நிறுவனம் சிறிதாயினும் ஊரே ஒரு பெரிய நிறுவனம்போல் இயங்கும் என்று பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கினார். சிவகாசியில் பிளேட் செய்பவர், லாமினேஷன் போடுபவர், டை வெட்டுபவர், மை விற்பவர், பழைய இயந்திரம் பழுது பார்ப்பவர் என்று யாவரும் ஒரே ஊரில் உள்ளனர். தமது இயந்திரத்தில் இடமில்லையெனில் அடுத்த தெரு அச்சகத்தில் ‘ஜாப் ஒர்க்’ கொடுத்துவிடுகிறார்கள். இவ்வசதியில்லாத ஊரில் இருக்கும் அச்சகத்தார், சிவகாசிக்காரர் எடுக்கும் அளவு ஆர்டரைத் தாமும் எடுப்பது துணிச்சலன்று, கணக்குப் பிழை.

வேலையைப் பலருக்குப் பகிரும்போது ஒரு சங்கடம் உண்டு. நான்கு அச்சகங்களில் அச்சான ஒரே அட்டை நான்கு நிறமாக வந்து நிற்கும். தேசியக் கொடியின் காவி ஓரிடத்தில் ஆரஞ்சாகவும் வேறிடத்தில் செங்கல் நிறமாகவும் இருந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஒரே ஆலையின் தாள், ஒரே நிறுவனத்தின் மை, ஒப்புதல் கையெழுத்திட்ட மாதிரித் தாள் ஒன்று ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் தொங்கவிடப்படுதல், மணிக்கொரு முறை ஒரு தாளை எடுத்து அதனுடன் ஒப்பிடுதல் என்ற எளிய ஒழுங்குகளே பெரும்பாலும் போதும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவங்கள் 16 மொழிகளில் அச்சிடப்பட்டன. அவற்றை இயந்திரம் படித்தறிய வேண்டியிருந்ததால், கட்டங்கள் இடம் விலகாதிருப்பது எழுத்துப் பிழை இல்லாதிருப்பதைப் போலவே முக்கியமாயிற்று. இத்தகைய வேலையில் ‘கண்ணுக்கு நன்றாயிருக்கிறது’ என்பது சோதனையாகாது.

இனிப் பணத்தைப் பற்றி. சிறு அச்சகத்திற்குப் பேரளவு ஆர்டரில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. படிகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒரு படியின் அடக்க விலை குறையும் என்பது பாடநூல் விதி. ஆயிரம் படி அச்சிடும்போது பிளேட்டும் இயந்திரத்தைச் சரிப்படுத்தும் நேரமுமே விலையின் பெரும்பகுதி. இலட்சம் படி அச்சிடும்போது அவை ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. தாள் விலையே மிஞ்சுகிறது. தாளின் விலையோ அச்சகத்தாரின் கையில் இல்லை. எனவே ஆர்டர் பெருகும்போது அச்சகத்தார் மெல்ல மெல்ல அச்சுத் தொழிலிலிருந்து விலகி, தம்மையறியாமல் தாள் வியாபாரத்தில் நுழைந்துவிடுகிறார்.

எடுத்துக்காட்டாக ஒரு கோடி ரூபாய் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். தாள் 60 இலட்சம்; கூலி, மின்சாரம், மை, பிளேட், கட்டு, வண்டிச் சத்தம் முதலியன 32 இலட்சம்; வட்டிக்கு முந்திய இலாபம் 8 இலட்சம். தாளுக்கு முன்பணம் கட்டிய நாளிலிருந்து அச்சிட 60 நாள், ஒப்படைக்க 15 நாள், பணம் வர 45 நாள் என்று 4 மாதம் ஆகிறது. நூற்றுக்கு 12 வட்டியில் தாளுக்கு மட்டும் 2.4 இலட்சம் போகிறது. மீதி 5.6 இலட்சம். இப்போது வாங்கியவர் 45 நாளில் தர வேண்டியதை 6 மாதத்தில் தருகிறார் என்று கொண்டால், முடங்கிய 92 இலட்சத்திற்குக் கூடுதலாக நாலரை மாத வட்டி 4.14 இலட்சம். மிஞ்சுவது ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவு. இதற்கிடையே தாள் விலை நூற்றுக்கு ஐந்து ஏறியிருந்தால் 3 இலட்சம் போய், ஒரு கோடி ரூபாய்க்கு வேலை செய்த அச்சகம் நட்டத்தில் நிற்கும். 2021-22இல் தாள் விலை ஏறிய வேகத்தைக் கண்டவர்களுக்கு ஐந்து என்பது மிகக் குறைவான மதிப்பீடு என்று தோன்றும்.

தாமதமாகும் பணத்திற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1993இலேயே சிறுதொழில்களுக்குத் தாமதமாகத் தரும் தொகைக்கு வட்டி விதிக்கும் சட்டம் வந்தது. அதனிடத்தில் வந்த 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் மேலும் தெளிவானது. எழுத்து மூலம் கெடு பேசியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. கெடு எதுவும் பேசாவிடில் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. முறையீட்டைக் கேட்க மாநிலந்தோறும் வசதியாக்க மன்றங்கள் உள்ளன. 2017 முதல் ‘சமாதான்’ இணையத் தளம் வழியேயும் முறையிடலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரிச் சட்டமும் துணைக்கு வந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும் என்றாயிற்று.

இவ்வளவும் இருந்தும் அச்சகத்தார் முறையிடத் தயங்குகின்றனர். காரணம் வெளிப்படை. இன்று வழக்குத் தொடுத்தால் நாளை டெண்டரில் தம் பெயர் இருக்காது என்ற அச்சம். சட்டம் உரிமையைத் தரலாம். அடுத்த ஆர்டரைத் தர முடியாது. ஆதலால் வழக்கில்லாமல் பணம் கைக்கு வரும் வழியே சிறு அச்சகத்திற்குப் பயன்மிக்கது. ‘டிரெட்ஸ்’ எனப்படும் மின்னணுப் பட்டியல் தள்ளுபடி முறை அத்தகையது. வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பட்டியலை வங்கிகள் ஏலத்தில் எடுத்துப் பணத்தை உடனே தருகின்றன. வாங்குபவர் பின்னர் கட்டாவிட்டால் அந்தச் சுமை அச்சகத்தார் தலையில் திரும்பி விழுவதில்லை. மத்திய அரசுப் பொதுத்துறை நிறுவனங்களும், ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கம்பெனிகளும் இதில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணை பிறந்தது. ஆர்டர் பேசும்போதே ‘பட்டியலை டிரெட்ஸில் ஏற்பீர்களா?’ என்று ஒரு வரி கேட்டுவிடுவது, பின்னால் நூறு கடிதம் எழுதுவதைத் தவிர்க்கும்.

அரசுத் துறைகள் வாங்கும் பொருளில் ஒரு பங்கு சிறு தொழில்களுக்கு என்ற கொள்முதல் கொள்கை 2012இல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் நூற்றுக்கு 20 வாங்க வேண்டும் என்றிருந்தது பின்னர் 25 ஆக உயர்ந்தது. பிணைத்தொகை கட்டுவதிலிருந்தும் விலக்கு உண்டு. 1955இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறுதொழில் கழகம் ஒரே பொருளைச் செய்யும் பல சிறு நிறுவனங்களை ஒரு கூட்டணியாக்கி, அவற்றின் சார்பில் டெண்டர் போட்டு, கிடைத்த ஆர்டரைப் பங்கிட்டுத் தரும் திட்டத்தையும், வங்கி உத்தரவாதத்தின் பேரில் மூலப்பொருள் வாங்க உதவும் திட்டத்தையும் நடத்தியுள்ளது. தனியாக 165 டன் தாளைப் பார்த்துத் திகைக்கும் அச்சகத்தாருக்கு இவை இரண்டுமே பொருந்துவன.

ஆர்டர் கொடுப்பவர் தரப்பிலும் சிந்திக்க வேண்டியது நிறைய உள்ளது. பாடநூல் அச்சிடுவிக்கும் நிறுவனங்கள் பலவும் தாளைத் தாமே வாங்கி அச்சகத்திற்கு அளித்து, அச்சுக்கும் கட்டுக்கும் மட்டும் கூலி தருகின்றன. இது மிகச் சரியான ஏற்பாடு. விலையேற்றத்தின் பளுவைத் தாங்க வல்லவர் தாங்குகிறார். அச்சகத்தார் தமக்குத் தெரிந்த தொழிலை மட்டும் செய்கிறார். இதில் வரும் ஒரே தலைவலி வீணான தாளின் கணக்கு. அனுமதித்த விகிதத்திற்கு மேல் போனால் தணிக்கையாளர் விடமாட்டார். ஆகவே வீணான தாளையும் எடை போட்டு நாள்தோறும் எழுதி வைப்பது அச்சகத்தாருக்கே பாதுகாப்பு.

வேலையைப் பங்கிடும் விதம் அதைவிட நுட்பமானது. நாற்பது அச்சகங்களுக்குத் தலைப்பு வாரியாகப் பங்கிட்டால், ஒருவர் தாமதித்தபோது மாநிலம் முழுவதும் ஏழாம் வகுப்புக் கணக்கு நூல் இராது. மாவட்ட வாரியாகப் பங்கிட்டால், ஒருவர் தாமதித்தபோது ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எந்த நூலும் இராது. முதலாவதில் தீங்கு எல்லோருக்கும் சிறிது. இரண்டாவதில் சிலருக்கு முழுவதும். ஒவ்வொரு தலைப்பையும் வெவ்வேறு ஊரிலுள்ள இரண்டு அச்சகங்களுக்கு அறுபதுக்கு நாற்பது என்று கொடுத்து, ஒருவர் பின்தங்கினால் மற்றவர் மிச்சத்தை ஏற்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இரண்டிலும் மேலானது. செலவு சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் செலவு ஒருவகைக் காப்புறுதிக் கட்டணம். நகரத்துப் பிள்ளைக்கு நூல் தாமதமானால் பழைய புத்தகக் கடையில் முந்திய ஆண்டுப் படியாவது கிடைக்கும். மலைக்கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போடுவதை எழுதிக்கொண்டே ஒரு பருவம் கழிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2012-13இல் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு முப்பருவ முறை வந்தபோது, புத்தகப் பையின் சுமை குறையும் என்பதே பெரிதும் பேசப்பட்டது. அதன் இன்னொரு விளைவை அச்சகத்தாரே நன்கறிவர். ஜூன் மாதத்திற்குள் முடிய வேண்டிய வேலை, ஜூன், அக்டோபர், ஜனவரி என்று மூன்றாகப் பிரிந்தது. அச்சகத்தில் இரண்டு மாத வெள்ளமும் பத்து மாத வறட்சியும் என்பதற்கு மாறாக ஆண்டு முழுவதும் ஓரளவு சீரான ஓட்டம் சாத்தியமாயிற்று. கல்வித் துறையின் முடிவொன்று ஒரு தொழிலின் பருவ காலத்தையே மாற்றும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சீரான ஓட்டத்தின் முதல் பயன் தொழிலாளருக்கே. கெடு நெருங்கும்போது அச்சகம் முதலில் நீட்டுவது வேலை நேரத்தைத்தான். வாரத்திற்கு 48 மணி நேரம், அதற்கு மேற்பட்டால் இரு மடங்கு கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த நெறியில் இரு மடங்குக் கூலியை 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமும் கைவிடவில்லை. கூலி ஒருபுறமிருக்க, பதினான்காம் மணி நேரத்தில் கட்டிங் மெஷினின் கத்திக்கடியில் தாளைச் சரிசெய்யும் கை யாருடையது என்பதை முதலாளி நினைத்துப் பார்க்க வேண்டும். களைத்த கண் மெய்ப்பில் பிழையைத் தவறவிடும். ஒரு இலட்சம் படிக்குப் பின் அந்தப் பிழை தெரியவரும். இரவு நேரத்தில் மிச்சப்பட்டதாகத் தோன்றும் நேரம் மறு அச்சில் போய்விடுகிறது.

பழைய வாடிக்கையாளரைப் பற்றியும் ஒரு சொல். பெரிய ஆர்டர் வந்தவுடன், பதினைந்து ஆண்டுகளாகப் பில் புத்தகமும் ரசீதும் அடித்துச் சென்ற கடைக்காரரிடம் ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் அடுத்த மாதம் வருவதில்லை; அடுத்த தெரு அச்சகத்திற்குப் போய்விடுகிறார். பெரிய ஆர்டர் மூன்று மாதத்தில் முடிந்து, அதன் பணம் ஆறு மாதத்தில் வரும். இடைப்பட்ட காலத்தில் சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்க உதவியது அந்தக் கடைக்காரரின் கைக்காசுதான் என்பது அப்போது விளங்கும். எந்த ஒரு ஆர்டரும் அச்சகத்தின் கொள்ளளவில் பாதியைத் தாண்டாதிருப்பது நல்லது. சிறு வேலைக்கென்று ஒரு சிறு இயந்திரத்தையாவது ஒதுக்கி வைக்க வேண்டும்.

கடைசியாக, அனுப்பும் வேலை. நூல் கட்டி முடித்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணி மேற்பார்வையாளரை வேறு பக்கம் அனுப்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. கட்டுக்கு ஐம்பது என்று எண்ணியதில் ஒன்று குறைந்தால், பத்து இலட்சத்திற்கு இருபதாயிரம் படிகள் குறையும். கட்டின் மேல் வகுப்பு, பாடம், மொழி, சேர வேண்டிய ஒன்றியம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒட்டாவிட்டால், தெலுங்கு வழி நூல் தமிழ் வழிப் பள்ளியில் போய் இறங்கும். கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும் என்பதைக்கூட எழுதித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அனுப்பிய பின் பிளேட்டுகளையும் கோப்புகளையும் உடனே கழித்துவிடக் கூடாது. ஜூலை மாதத்தில் மாணவர் சேர்க்கையின் எண்ணிக்கை தெரிந்ததும் சில ஆயிரம் படிகளுக்குத் துணை ஆர்டர் வரும். அதற்கும் கெடு பத்து நாள்தான் இருக்கும்.